நாடிக்கட்டு

பெப்ரவரி 26, திங்கள்

வாடைக்காற்று விழுந்துவிட்டது. கடல் தட்டையாக, எண்ணெய் பூசியதுபோல.

இன்று முதல் தினமும் எழுதவேண்டும். சிஸ்ரரின் உத்தரவு. ஞாயிறு பூசைக்குப் பிறகு மடத்தில் எங்களைப் போன்ற கிழடுகளுக்குப் படிப்பிக்கிறவர். என்ன எழுதுவது என்று கேட்டேன்.

"காலமை என்ன சாப்பிட்டீங்கள், காத்து எப்பிடி, ஆர் வந்தது. பிழை வந்தாப் பரவாயில்லை. ஒருத்தரும் பாக்க மாட்டினம்."

ஒருவரும் பார்க்கமாட்டார்கள். இந்த வயதில் எனக்கென்று ஒரு மறைப்பு. நினைக்கச் சிரிப்பு வருகிறது.

காலை: பாண், சம்பல். காற்று: மேலே எழுதியாயிற்று. வந்தவர்: இல்லை.

என் பெயர் சவிரிமுத்து. (நன்றாக வந்திருக்கிறது. இன்னொரு தரம்: சவிரிமுத்து.)

முழுப்பெயர் எழுத நேரம் போகிறது. மகன் பிரான்சிஸ் இனி பி. பேத்தி ஜெசிந்தா இனி ஜெ. தாயில்லாப் பிள்ளை, வயது பத்தொன்பது, பெரிய சோதனை எழுதிவிட்டு மறுமொழிக்குக் காத்திருக்கிறாள். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான்.

கோயில் வீதியில் ஒரு கழுதை செத்துக் கிடக்கிறது. கழுத்தில் சின்னக் காயம். ஆமிச் சென்ரியிலிருந்து சுட்டிருப்பார்கள் என்றான் பி. சுட்டால் இரத்தம் எங்கே? மண்ணில் ஒரு துளி இல்லை. தோலைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்த கருவாடு.

இன்று பழகிய எழுத்து: ழ. வாலை உள்ளுக்கு இழுத்து வைத்திருக்கும் பூனை மாதிரி. பக்கம் முழுக்க எழுதினேன்.

பெப்ரவரி 28, புதன்

கடும் வெயில். கடலுக்குப் போக விடவில்லை. காரணம் சொல்லவும் இல்லை. பி. வலையை விரித்தான், பார்த்தான், மடித்தான். பிறகு நாயை ஏசினான்.

ஜெ. வெளிறிப்போயிருக்கிறாள். இரண்டு நாளாக முருங்கையிலை வறுத்துக் கொடுக்கிறேன்.

"அப்பு, நான் என்ன ஆடா, நெடுக இலை தின்ன?"

"ஆடு உன்னைவிட நல்ல நிறம்."

சிரித்தாள். உதட்டிலும் இரத்தம் இல்லை.

பொழுதுபட, மைமலில் மனுவேல் வந்தான். போன டிசம்பர் நத்தாரிலிருந்து வருகிற பொடியன். முசலிப் பக்கம் ஊர், இடம்பெயர்ந்து வந்தவன், கரையில் யாருடையதோ மீன்வாடியில் காவல். இருபது வயது மதிக்கலாம். வலக்காது பிளந்திருக்கும். முதல் நாள் படலைக்கு வெளியே நின்றுகொண்டே இருந்தான். நான்தான் "வாங்கோ தம்பி" என்றேன். படலையில் நிற்கிறவரை நாங்கள் அப்படியே விடுவதில்லை. யார் என்று பிறகுதான் கேட்பது.

வந்தால் ஒன்றும் சாப்பிடமாட்டான்.

"நோன்பு அப்பு."

இப்போது தவக்காலம், சரி. நத்தாருக்கும் நோன்பு என்றுதான் சொன்னான்.

வாங்கில் ஒரு பக்கம் அவன், மறுபக்கம் ஜெ. நடுவில் நான், எழுதுகிற கொப்பியோடு. என்னை எழும்பச் சொல்ல இருவருக்கும் துணிவில்லை. எனக்கும் எழும்ப மனமில்லை. ஒருவரை ஒருவர் என் தலைக்கு மேலால் பார்ப்பது தெரிகிறது. நல்ல பிள்ளைகள். ஊரடங்குக்கு முன் போய்விட்டான்.

மார்ச் 1, வெள்ளி

சிலுவைப்பாதைக்குப் போய் முழங்கால் வலி. காற்று இல்லை.

இன்றைக்கு நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடியே எழுதுகிறேன்.

மைமலில் மனுவேல். ஜெ. கிணற்றடியில். முத்துக்குளிப்புக் காலத்தைப் பற்றிச் சும்மா கதைத்துக்கொண்டிருந்தேன். சின்னப் பொடியனாக ஐயாவோடு சிலாவத்துறைக் கரைக்குத் தண்ணீர் சுமக்கப் போன கதை. கூடாரம், கொடி, வெள்ளைக்காரத் துரை.

"மணத்தைச் சொல்ல மறந்திட்டீங்கள்," என்றான். "சிப்பி அழுகிற மணம். கடலுக்குள்ள போனாலும் மூக்கை விடாது."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

பிளந்த காதைத் தடவினான். அந்தக் கரையில் ஒரு குளிகாரன் இருந்தான். காது பிளந்தவன். தண்ணீர் கொடுத்ததற்கு ஒரு சிப்பியைத் திறந்து என் உள்ளங்கையில் வைத்தான். இதை நான் மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை.

"அந்தச் சிப்பிக்குள்ள என்ன இருந்தது?" என்று கேட்டேன்.

"நண்டு," என்றான். "சின்ன நண்டு. முத்து இல்லையெண்டு நீங்கள் அழுதனீங்கள்."

பிறகு நான் கேட்டது இதுதான்: "அப்ப நான் உன்னை அண்ணை எண்டெல்லோ கூப்பிட வேணும்?"

"கூப்பிடுங்கோ தம்பி."

சிரித்துவிட்டோம். ஜெ. ஓடிவந்து என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றோம்.

பிறகு, அவள் உள்ளே போனதும், சொன்னான். கடலுக்கடியில் ஏதோ ஒன்று கழுத்தில் கடித்தது. சுறா இல்லை. செத்தவன் என்று மேலே எடுத்து மணலில் புதைத்தார்கள். எழும்பி வந்தான். அன்றிலிருந்து வெயில் கூடாது, சோறு கூடாது, வயது போகாது. இரத்தம்தான். பகலில் கரையோரத்துப் பெருக்கமரப் பொந்தில் படுக்கை.

"கழுதை நீயா?"

"ஓம் அப்பு. மனிசரைக் கொல்லேல்லை."

பயம் வரவேண்டும். வந்தது. ஆனால் என் ஐயாவின் முகத்தை அறிந்த ஒரு ஆள் இந்த உலகத்தில் இன்னும் இருக்கிறான் என்ற சந்தோஷம் முந்திவிட்டது.

கொல்லவில்லை என்றான். குடிக்கவில்லை என்று சொல்லவில்லை. எழுதும்போதுதான் தெரிகிறது.

மார்ச் 2, சனி

காலை: தேத்தண்ணி மட்டும். காற்று: பார்க்கவில்லை.

ஜெ. கிணற்றடியில் விழுந்தாள். தூக்கும்போது சட்டைக் கை மேலே போனது. மணிக்கட்டில் இரண்டு புள்ளி. பி. பார்த்துவிட்டான். அவன் கடற்காரன், பல் பட்ட காயம் தெரியும்.

"ஆர்?"

அவள் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள், என்னிடம் அவன் சொன்ன அதே கதை.

"அவர் கேக்கேல்லை அப்பா. தவக்காலத்தில ஒண்டையும் தொடமாட்டன் எண்டு இருந்தவர். முடியாமல்தான் அந்தக் கழுதையைக் கடிச்சவர். பிறகு அழுதுகொண்டு நிண்டவர். நான்தான் கையை நீட்டினனான்."

"செத்ததுக்கு நீ சாப்பாடா?"

"செத்தவரெண்டா நீங்கள் ஏன் பயப்பிடுறீங்கள்?"

அறைந்தான். இந்த வீட்டில் அவள்மேல் விழுந்த முதல் அடி. அடித்தவனே முற்றத்தில் குந்தியிருந்து தலையில் கை வைத்தான். "இன்னும் ஒருக்காக் குடுத்தாள் எண்டாச் செத்துப் போவாள் ஐயா," என்றான் என்னிடம். பொய் இல்லை. அவள் நகங்களைப் பார்த்தேன். சுண்ணாம்பு.

"ஆர் அவனைப் படலைக்குள்ள விட்டது?"

நான் ஜெ.க்குத் தண்ணீர் எடுக்கப் போனேன்.

ஜெ.யைப் பின்னறையில் வைத்துப் பூட்டியாயிற்று. பி. முசலிப் பக்கம் ஆள் அனுப்பியிருக்கிறான். சீமாம்பிள்ளை என்று ஒருவர். கடல்கட்டி வம்சம். முத்துக்குளிப்புக் காலத்தில் கரையில் இருந்து செபித்துச் சுறாக்களின் வாயைக் கட்டியவர்கள் அவர்கள். இப்போது முத்தும் இல்லை, கட்டக் கூலியும் இல்லை. சீமாம்பிள்ளை வேறு வாய்களைக் கட்டித் திரிகிறாராம்.

மைமலில் மனுவேல் படலையில் நின்றான். பி. கத்தியோடு போனான். அவன் போய்விட்டான். ஓடவில்லை, நடந்துதான் போனான்.

மார்ச் 4, திங்கள்

முகில். மழை இல்லை.

நேற்று எழுதவில்லை. மடத்துக்கும் போகவில்லை. சிஸ்ரர் கேட்டால் காய்ச்சல் என்று சொல்லவேண்டும். (காய்ச்சல்: ய், ச். சரி.)

சீமாம்பிள்ளை வந்துவிட்டார். மெலிந்த, இருமுகிற மனிதர், கையில் தோல்பை. பேய் பிடிக்க வந்தவர் மாதிரி இல்லை, சைக்கிள் திருத்த வந்தவர் மாதிரி. பாலத்துச் சென்ரியில் அரை நாள் காக்க வைத்தார்களாம். வியாழன் வரைதான் தீவில் நிற்கப் பாஸ்.

"என்ன அலுவல் எண்டு கேட்டாங்கள். சொந்தக்காரர் வீட்டுச் செத்தவீடு எண்டன். பொய்யில்லைத்தானே."

சிரித்தது அவர் மட்டும்.

எரிப்பதுதான் நல்லது என்றார். ஆனால் மண்ணெண்ணெய் போத்தல் கணக்கில் கூடக் கிடைப்பதில்லை. பகலில் புகை எழும்பினால் ஆமி வரும். ஆகவே மற்ற வழி. பகலில் அவன் பிணம்போலக் கிடப்பான். பிணத்தைப்போலக் கட்டிப் புதைக்கவேண்டும். கால் பெருவிரல் இரண்டும் சேர்த்து, கைப் பெருவிரல் இரண்டும் சேர்த்து, பிறகு வாய் திறவாமல் நாடியை உச்சியோடு சேர்த்து நாடிக்கட்டு. கட்டு இருக்கும்வரை எழும்பான்.

"செபம் என்ர. கட்டு உங்கட, சவிரி அண்ணை. செத்தவைக்குக் கட்டிப் பழகின கை வேணுமாம். இந்தப் பங்கில அது நீங்கள்தான் எண்டு கேள்விப்பட்டன்."

உண்மை. எங்கள் கோயில் பங்கில் யார் செத்தாலும் கட்டுவது நான். பெட்டி மூடமுதல் அவிழ்ப்பதும் நான். கட்டோடு ஒருவரையும் மண்ணுக்குள் விடக்கூடாது.

"இவனுக்கு அவிழ்க்கக் கூடாது," என்றார். "முக்கியமா நாடிக்கட்டு. பட்டினி கிடந்த வாய். அதை அவிழ்க்கிற ஆள்தான் அதுக்கு முதல் சாப்பாடு. தாயெண்டும் தெரியாது, விரும்பினவள் எண்டும் தெரியாது. கடைசிச் சொட்டுவரைக்கும் குடிச்சு முடிஞ்ச பிறகுதான் அறிவு வரும்."

"குடிபட்ட ஆள்?"

"அதையும் கட்டித்தான் புதைக்க வேணும். இல்லாட்டி இன்னொண்டு எழும்பும்."

பின்னறைக் கதவுக்குப் பின்னால் ஜெ. மூச்சு விடும் சத்தம். எல்லாம் கேட்டிருப்பாள்.

நான் ஓம் என்று சொல்லிவிட்டேன். அவள் நகங்கள்.

மார்ச் 5, செவ்வாய்

வெயில். கடல் நீலம். இப்படி ஒரு நாளில் இப்படி ஒரு வேலை.

பெருக்கமரப் பொந்தில் சுருண்டு கிடந்தான், தாயின் மடியில் கிடப்பதுபோல. பி. மேலே வலையைப் போட்டான். தேவையே இருக்கவில்லை. சீமாம்பிள்ளை செபிக்கத் தொடங்கினார். நான் கால் விரல்களைக் கட்டினேன். கை விரல்களைக் கட்டினேன். நாடிக்குச் சீலையைக் கொடுத்தபோது கண் திறந்தது.

"இறுக்கிக் கட்டுங்கோ அப்பு," என்றான். "அவள் பாவம்."

இறுக்கிக் கட்டினேன். உச்சந்தலையில் முடிச்சு. என் முடிச்சு வேறு யாருக்கும் வராது. பிழையான பக்கம் இழுத்தால் இன்னும் இறுகும்.

உறவு இல்லாத பிணத்தைச் சும்மா கொண்டுபோக முடியாது. விதானையாரிடம் மரணத் துண்டு வாங்கினோம்: இடம்பெயர்ந்த பொடியன், காய்ச்சல். பெட்டி, மெழுகுதிரி, பாட்டு. உண்மையான செத்தவீடுதான். அழ மட்டும் ஆள் இல்லை. அழவேண்டியவள் பூட்டிய அறையில்.

சென்ரியில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். ஆயுதம் தேடுகிறார்கள். திறந்தோம். சின்ன வயது ஆமிக்காரன் ஒருவன் குனிந்து பார்த்தான்.

"கட்டினது யார்?"

இந்தக் காலத்தில் கட்டிய பிணம் என்றால் வேறு அர்த்தம். எங்கள் கரையிலும் ஒதுங்கியிருக்கின்றன. கைகள் பின்னுக்கு, வயர், கயிறு. யார் கட்டியது என்று யாரும் கேட்பதில்லை, சொல்வதுமில்லை. நான் போய் அவிழ்ப்பேன். எந்த ஊர், எந்தச் சமயம், எந்தப் பக்கம் என்று பார்ப்பதில்லை. அவிழ்த்துக் கையை நெஞ்சில் மடித்து வைத்தால்தான் மனிதனாகத் தெரியும்.

"நான் மாத்தயா. செத்தா எங்கட வழக்கம்."

தலையாட்டினான். தொப்பியைக் கழற்றினான். "எங்கட ஊரிலயும் கட்டுறது. பிறகு அவிழ்க்கவேணும்."

"ஓம் மாத்தயா."

சேமக்காலையில் பெட்டியைக் கடைசியாக ஒருதரம் திறந்தோம், வழக்கம்போல. பி. மண்வெட்டி எடுக்கத் திரும்பினான். சீமாம்பிள்ளைக்கு இருமல். நான் குனிந்தேன். காலடி. பிறகு கை. பிறகு தலைமாட்டுக்கு வந்தேன். சீலை முடிச்சில் விரல் பட்டபோதுதான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று உறைத்தது.

நாடிக்கட்டை அவிழ்க்காமல் விட்டேன். மற்ற இரண்டும் அவிழ்ந்து என் மடிக்குள். திருப்பிக் கட்ட நேரம் இல்லை, "மூடுங்கோ" என்றுவிட்டார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

காலும் கையும் மட்டும்தானே. வாய் கட்டித்தான் இருக்கிறது.

மார்ச் 6, புதன்

காற்று இல்லை. பகல் முழுக்க ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்றுதான் நம்பினேன். ஜெ.யின் அறையைப் பி. திறந்துவிட்டான். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தான். அவள் கையை எடுக்கவும் இல்லை, பிடிக்கவும் இல்லை.

பி. சொன்னது: "அந்தப் பெடியனை எனக்கும் பிடிச்சுத்தான் இருந்தது. அதுதான் கோவம்."

மைமலில் நாய் குரைக்கவில்லை. சுருண்டு கதிரைக்குக் கீழே போனது. படலையில் மனுவேல்.

தலையில் மண். நாடிக்கட்டு அப்படியே. கண்கள் மட்டும் பெரிதாக. காலை அவிழ்த்தால் கால் இங்கே வரும், வேறெங்கே போகும்? உள்ளே வரவில்லை. வரமுடியாமல் அல்ல. நான்தான் என்றோ உள்ளே கூப்பிட்டுவிட்டேனே. படலைக் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வீட்டுக்கு முதுகைக் காட்டி நின்றான். வாயில் சீலை. தானே அவிழ்க்க அவனால் ஏலாது. உயிருள்ள கை வேண்டும்.

ஜெ. எழும்பினாள். பி. அவளை இடுப்போடு பிடித்துக்கொண்டான்.

"எனக்கு முகத்தைக் காட்ட வேண்டாம் எண்டு நிக்கிறார் அப்பா, தெரியேல்லையா? விடுங்கோ!"

விடவில்லை. மூவரும் அப்படியே நின்றோம். சீமாம்பிள்ளை சிலுவையை நீட்டிக்கொண்டு செபித்தார். அது அவனுக்கு ஒன்றும் செய்யவில்லை. பிறகு போய்விட்டான்.

மார்ச் 7, வியாழன்

காலை: ஒன்றும் இறங்கவில்லை. காற்று: தென்கிழக்கு, மெல்லிசு.

படலையடியில் வெறுங்கால் தடங்கள். சீமாம்பிள்ளை குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"காலை அவிழ்த்தது ஆர்?"

"நான்."

"ஏன் அண்ணை?"

"கை."

என் கையைப் பார்த்தார். பேசவில்லை. பேசியிருந்தால் நல்லது. பி. பேசினான், முற்றத்தில் நின்று, அயல் கேட்க. மகன் தகப்பனைப் பேசும் பேச்சில்லை. எல்லாம் சரி, நான் கேட்டுக்கொண்டேன். அவள் உயிர் போனால் என் கைதான் காரணம்.

இனி எரிப்புத்தான். சீமாம்பிள்ளையின் பாஸ் இன்றோடு முடிகிறது. பாலம் கடந்து புதுப் பாஸ் எடுத்து நாளை மறுநாள் வருவாராம். பி. பேசாலைப் பக்கம் போய் வீடு வீடாக மண்ணெண்ணெய் சேர்க்கப் போகிறான், நாளை ஊரடங்குக்கு முன்தான் திரும்புவான். சனி பகல் பெருக்கமரத்தோடு சேர்த்துக் கொளுத்துவது, ஆமி வந்தாலும் வரட்டும். அதுவரை ஜெ.யைப் பார்ப்பது என் பொறுப்பு. போகும்போது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "பிள்ளையைப் பாருங்கோ ஐயா."

மத்தியானம் ஜெ. என் பக்கத்தில் வந்து இருந்தாள். கையில் ஒரு துணிக் கீலம்.

"அப்பு, உங்கட முடிச்சு எப்பிடி அவிழ்க்கிறது?"

"ஏன்?"

"சும்மா."

"அவிழ்த்தா என்ன நடக்கும் எண்டு சீமாம்பிள்ளை சொன்னதைக் கேட்டனிதானே?"

"ஓம். கேட்டனான்." குரலில் நடுக்கம் இல்லை. "சனிக்கிழமை அவரைக் கொளுத்துவினம். அதுக்கு முதல் வாய் திறந்து ஒரு கதை கதைச்சிட்டுப் போகட்டும் அப்பு. என்னோட இல்லாட்டியும் பரவாயில்லை. நாளைக்குச் சிலுவைப்பாதை முடிய."

அழவில்லை. காதல் என்பதை நான் எழுதிப் பழகவில்லை, இன்றுதான் முதல். கா, த, ல். எளிய எழுத்துகள்.

துணியை வாங்கிக் காட்டிக் கொடுத்தேன். பிழையான பக்கம் இழுக்கக் காட்டிக் கொடுத்தேன். கவனமாகப் பார்த்துத் திரும்பத் திரும்பச் செய்து பழகினாள். கெட்டிக்காரி. கொஞ்ச நேரம்தான் வாங்கலாம். முடிச்சு இறுகினால் கத்தி எடுப்பாள்.

மைமலில் அவன் வந்தான். அவளை மாமரத்தடிக்கு அப்பால் நிற்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் படலைக்குப் போனேன். முதுகுக்குப் பின்னால் நின்று மெல்லக் கதைத்தேன்.

"அண்ணை."

தோள் அசைந்தது. சிரித்தானோ.

"வயிறு நிறைஞ்சா அறிவு வருமாம். வந்தா என்ன செய்வாய்? அவளிட்ட வருவியா?"

தலையை இல்லை என்று ஆட்டினான்.

"பிறகு எங்க?"

கையைத் தூக்கிக் கடலைக் காட்டினான். தெற்கே, முத்துப்பார் கிடக்கும் பக்கம்.

"நான் அவிழ்க்கட்டோ?"

இல்லை, இல்லை, இல்லை. தலையில் இருந்து மண் உதிர ஆட்டினான். பிறகு போய்விட்டான்.

மார்ச் 8, வெள்ளி

வெளிப்பு. வானம் கழுவியது மாதிரி. பின்னேரம் கடலில் ஒரு மடிப்பும் இல்லை.

காலை: பாண். நன்றாகச் சாப்பிட்டேன். இரண்டு கோப்பை தேத்தண்ணி, சீனி கூடப் போட்டு. ஜெ. அதிசயமாகப் பார்த்தாள்.

செய்தவை:
முகம் மழித்தேன்.
நாய்க்குச் சோறு.
பி.யின் கிழிந்த வலையில் ஒரு பக்கம்.
வேட்டி, வெள்ளை. என் சவப்பெட்டிக்கு என்று வைத்திருந்தது.

சிலுவைப்பாதைக்கு ஜெ. போயிருக்கிறாள். போகமாட்டேன் என்று நின்றாள். சிஸ்ரர் வந்து கையோடு கூட்டிப் போனார். காலையில் நான் மடத்துக்குப் போய்ச் சொல்லிவைத்தேன்: பிள்ளைக்கு மனம் சரியில்லை, முடிய உடனே விடாமல் மடத்தில் வைத்துக் கஞ்சி கொடுங்கோ, பி. வந்து கூட்டுவான். சிஸ்ரர் என் கொப்பியைக் கேட்டார். வீட்டில் மறந்துவிட்டேன் என்றேன். "எழுதுறீங்களா?" "ஒவ்வொரு நாளும் சிஸ்ரர்." அவருக்குச் சந்தோஷம். எனக்கும்.

படலையில் நின்று ஜெ. திரும்பிப் பார்த்தாள். "நான் வாற வரைக்கும் அவரை நிக்கச் சொல்லுங்கோ அப்பு." சொல்கிறேன் என்றேன். கன்னத்தில் கொஞ்சம் நிறம் வந்திருக்கிறது. முருங்கையிலை.

பயம் இருக்கிறதா என்று எழுதிப் பார்க்கிறேன். இருக்கிறது. பல் பட்டால் நோகும். செத்துப்போவதைவிட, எழும்பி வருவதுதான் பயம். பசியோடு இந்தப் படலையில் வந்து நின்று ஜெ.யைப் பார்ப்பது. அது கூடாது.

ஆகவே பி.க்கு ஒரு பலகையில் எழுதினேன். மீன்பெட்டிப் பலகை, கரிக்கட்டி. மற்றவர் வாசிக்க நான் எழுதும் முதல் எழுத்து. மூன்று தரம் அழித்து எழுதினேன், பிழை இருந்தால் அவன் விளங்காமல் விட்டுவிடுவான்:

என்னைக் கட்டிப் புதை. அவிழ்க்க வேண்டாம்.

ழ நன்றாக வந்திருக்கிறது. தூரத்தில் நின்று பார்த்தேன். வாசிக்கலாம்.

கட்டுவதற்குச் சீலையும் கீலமும் பலகைக்குப் பக்கத்தில் மடித்து வைத்திருக்கிறேன். முடிச்சு அவனுக்கு என்னைப்போல வராது. இறுக்கினால் போதும்.

கோயிலில் பாட்டுக் கேட்கிறது. இன்னும் பாதித் தலங்கள் இருக்கும். வெயில் சுவரை விட்டு இறங்கிவிட்டது. நாய் கதிரைக்குக் கீழே.

வந்துவிட்டான். முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். முடிச்சு என் பக்கம்தான் இருக்கிறது, நல்லது. கேட்டால் தலையை ஆட்டுவான். இன்றைக்குக் கேட்கப்போவதில்லை.

வந்தவர்: மனுவேல் அண்ணை.